பதினொரு மண்டலங்களின் ஐந்தொகை

விளையாட்டொன்றைப் பற்றிப் பல்கலைக்கழக ஏட்டில் எழுதுதல் தகுமோ என வினவுவோர் இருத்தல் கூடும். வகுப்பறையிற் கற்றும் நான் உணராத பொருளியல் உண்மையொன்றை ஒரு விளையாட்டே எனக்கு உணர்த்திற்று. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கிலுள்ள சீ.சீ.பீ. நிறுவனம் 2003 இல் வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்', இணையவழி ஆடப்படும் விண்வெளி விளையாட்டாகும். பல நாட்டவரும் ஒரே விண்வெளியில், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களிற் கூடி ஆடுவர். அங்குள்ள கப்பல்களிற் பெரும்பாலானவை ஆடுவோராலேயே ஆக்கப்பட்டு அவர்தம் சந்தையிலேயே விலைப்படுவன. அப்பொருளாதாரத்தை ஆராய்வதற்கென எயோல்ஃபர் குட்மண்ட்சன் என்னும் பொருளியலறிஞரை அந்நிறுவனம் 2007 இல் நியமித்தது.

2013 இற் பொருளியல் மாணவனாக விடுதியில் வாழ்ந்த நான், அவ்விளையாட்டில் நாற்பது பேர் கொண்ட சிறு கூட்டணியொன்றின் தனாதிகாரியாகவும் இருந்தேன். எம்மிடம் மூன்று மண்டலங்கள் இருந்தன. ஒவ்வொரு மண்டலத்தின் ஆட்சியுரிமைக்கும் தவணை தவறாது கட்டணஞ் செலுத்த வேண்டும். விண்கொள்ளையரை அழித்து உறுப்பினர் பெறும் சன்மானத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் வரியாக எமது திறைசேரியைச் சேரும். அவ்வருமானத்தில் ஐந்திலொரு பங்கே கட்டணமாகச் சென்றது. எஞ்சியது போரில் அழிந்த கப்பல்களுக்கு ஈடு வழங்கப் போதியதாயிற்று.

அயலிலிருந்த கூட்டணி சிதைந்தபோது எட்டு மண்டலங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைக் கைக்கொள்ளலாமா எனத் தலைவர்கள் என்னிடம் கணக்குக் கேட்டனர். கட்டணம் மண்ணின் அளவால் வருவது. வருமானமோ மனிதரின் உழைப்பால் வருவது. மூன்று மண்டலங்களில் உழைத்த நாற்பது பேர் பதினொன்றிலும் நாற்பது பேரே. எல்லைச் செலவு, எல்லை வருவாய் என்பவற்றை அவ்வரையாண்டிலேயே நான் கற்றுப் பரீட்சையும் எழுதியிருந்தேன். எனினும், "நிலம் பெருகினாற் புதிய உறுப்பினர் வருவர்" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் எமது நிறம் பரந்திருப்பதைக் காணும் ஆசை எனக்கும் இருந்ததென்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

புதியவர் எவரும் வரவில்லை. கட்டணம் வருமானத்தின் நான்கில் மூன்று பங்கை அண்மித்தது. அழிந்த கப்பல்களுக்கு ஈடு வழங்க இயலவில்லை. ஆதலின் வரியை நூற்றுக்கு இருபதாக உயர்த்துமாறு நானே ஆலோசனை கூறினேன். எம்முள் போலந்து நாட்டவர் ஒருவர் இருந்தார். தொழிற்சாலையில் இரவுவேலை முடித்து வந்து, உறங்குமுன் இரண்டு மணிநேரம் ஆடுவார். என் கணக்குகளில் ஒருநாளும் பிழை காணாதவர். வரி உயர்ந்த மறுவாரம் அவர் எனக்கு எழுதினார்: "மூன்று மண்டலங்கள் இருந்தபோது இங்கே விளையாடினேன். இப்போது இங்கேயும் வேலை செய்கிறேன்." அதன்பின் அவரைக் காணவில்லை. நாற்பது பேர் பதினேழு பேராயினர். வரி இரட்டித்தும் வருமானம் முன்னையதிலுங் குறைந்தது. அவ்வாண்டு இறுதியில் எதிரிகள் வந்தபோது எட்டு மண்டலங்களோடு பழைய மூன்றையும் இழந்தோம். எம்மை அவர்கள் வீழ்த்தினர் என்பதிலும், வீழ்ந்துகிடந்த எம்மை அவர்கள் கண்டனர் என்பதே பொருந்தும்.

எமது சிறுமையே இதற்குக் காரணமென எண்ணி ஆறுதலடைய முயன்றேன். 2014 சனவரி 27 ஆம் நாள் அவ்வாறுதலும் அகன்றது. பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்துக்குரிய கட்டணம் உரிய வேளையிற் செலுத்தப்படாமையால், பேரணியொன்று அதன் ஆட்சியுரிமையை இழந்தது. அதனைத் தொட்டு மூண்ட போர் ஏறத்தாழ 21 மணிநேரம் நீடித்தது. 'ரைற்றன்' எனப்படும் மாபெருங் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்த இழப்பு ஏறக்குறைய மூன்று இலட்சம் அமெரிக்க டொலர் என மதிப்பிடப்பட்டது.

விளையாட்டை ஆக்கியோரும் பேரணிகளின் பரவலைக் கவலையோடு நோக்கினர். பரவலைத் தடை செய்யாது, அதன் விலையை உயர்த்துவதே அவர்கள் கண்ட வழியாகும். 2014 நவம்பரில் வந்த மாற்றத்தால், பெருங்கப்பல்கள் தொலைதூரம் அடுத்தடுத்துப் பாயுந்தோறும் காத்திருக்க வேண்டிய நேரம் நீண்டது. 2015 இல் வந்த விதியின்படி, உறுப்பினர் உழைத்துப் பயன்படுத்தும் மண்டலத்தைக் கைப்பற்ற எதிரிக்கு நெடுநேரம் வேண்டும். வெறுமனே உடைமையாக வைத்திருக்கும் மண்டலத்தை அவன் விரைவிற் கவரலாம். உழைப்பவன் இல்லாத நிலம் உடைமையன்று, சுமையே என்பதை அவ்விதி கூறாமற் கூறிற்று.

இன்று நான் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். எல்லைச் செலவுக் கோடு எல்லை வருவாய்க் கோட்டை வெட்டும் புள்ளியைக் கரும்பலகையிற் குறிக்கும்போது, மாணவர் அதனை இலகுவாகப் புரிந்துகொள்கின்றனர். நானும் அன்று புரிந்துகொண்டவனே. அப்புள்ளியைத் தாண்டியபோது முதலில் எழுந்து சென்றவர் யார் என்பதை மட்டும் அவர்களுக்குத் தவறாமற் சொல்லி வருகிறேன்.