பரிசும் பார்வையும்

படைப்பு, கலைஞனின் கைக்குள் இருக்கும் வரையில் அதன் குறைகள் அவனுக்குத் தெரிவதில்லை. பிறர்முன் வைக்கப்படும்போதே அதன் சோதனை தொடங்குகிறது. நாடகக் கலைஞனுக்கு எதிரே அவை அமர்ந்திருக்கிறது. புகைப்படக் கலைஞனுக்கோ போட்டிகளும் கண்காட்சிகளும் கருத்தரங்குகளுமே அவையாகின்றன. அவ்வவையில் நடுவராக அமரும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா, நீர்வேலியைச் சேர்ந்த இளங்கலைஞர் ஒருவரின் வாழ்விலே எழுந்தது.

இலங்கையில் இக்கலைக்கு ஓர் அவையை அமைக்க முயன்றோருள் முதன்மையானவர் லயனல் வென்ட் (1900–1944). சட்டம் பயின்ற அவர் பியானோ இசையிலும் வல்லவர். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். 1938இல் அவருடைய படங்கள் லண்டனிலே தனிக் கண்காட்சியாக வைக்கப்பெற்றன. 1943இல், மரபுவழிப்பட்ட ரசனைக்கு மாறாக நவீன ஓவியர்கள் ‘43 குழு’வாகத் திரண்டபோது, அவர்களை ஒன்றுசேர்த்தவரும் அவரே. அவர் மறைந்தபின், 1950இல், படங்கள் நூலாகவும் வெளிவந்தன. அப்படங்களில் இந்நாட்டின் எளிய மக்கள் பலர் நிற்கின்றனர். ஆயின் கண்காட்சி மண்டபத்தில் நின்று படத்தைப் பற்றிப் பேசுவோர் வேறு. படத்துள் நிற்போர் வேறு. இந்த இடைவெளி வென்ட் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் கிணற்றுநீரும் அவ்வூரை வாழைக்குப் பேர்போனதாக்கியுள்ளன. அங்கே ஒரு மாலைப்பொழுதில், குலை தள்ளிய கதலி வாழையின் அருகே நின்ற முதிய தோட்டக்காரர் ஒருவரை அவ்விளைஞர் படம்பிடித்தார். கிழிந்த இலைகளினூடாக வந்த வெயில் முதியவரின் தோளில் விழுந்திருந்தது. சாய்ந்த மரத்தை ஒரு கவர்த்தடி தாங்கிநின்றது.

அப்படம் கொழும்பிலே நடந்த ஒரு போட்டிக்குச் சென்றது. அத்தகைய போட்டிகளில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சில விநாடிப் பார்வையே. புள்ளிகள் வழங்கப்பட்டபின், நடுவர் ஒருவர் சபை நடுவே அப்படத்தை எடுத்து விமர்சித்தார். வானம் வெளிறிவிட்டது என்றார், அது உண்மை. குறுக்கே நிற்கும் தடி பார்வையை இடறுகிறது, அதை நீக்கியிருக்க வேண்டும் என்றார். சபையில் எழுந்த சிறு சிரிப்பு இளைஞரை வெகுநாள் தொடர்ந்தது. ஊர் திரும்பியதும் கணினியில் வானத்தைச் சீர்செய்தார். தடியையும் தடம் தெரியாமல் அழித்தார். மறுவருடம் வேறொரு போட்டியில் அதே படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது.

சான்றிதழ் பெற்ற படத்தை ஊர்ச் சனசமூக நிலையம் தன் ஆண்டுவிழாவில் வைத்தது. முதியவரும் வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

“தம்பி, முண்டு குடுத்த தடி எங்கை? உது இல்லாட்டில் சோளகத்துக்கு மரம் நிக்குமே? பாக்கிற சனம் நான் கவனிக்காமல் விட்டிட்டன் எண்டெல்லோ சொல்லும்.”

இளைஞர் மறுமொழி கூறவில்லை. சோளகக் காற்று வீசுங்காலத்தில் முண்டு கொடாத வாழை, ஏறத்தாழ ஓராண்டு உழைப்போடு ஓரிரவில் சாய்ந்துவிடும். நடுவருக்கு இடறலாகத் தோன்றிய தடி, முதியவருக்குத் தொழிலின் மானம்.

போட்டி உலகமும் இவ்வறத்தை முற்றாக மறந்துவிடவில்லை. 2010இல், உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியிலே பரிசு பெற்ற ஸ்தெபான் ரூடிக், படத்தில் தெரிந்த ஒரு பாதத்தின் துணுக்கை அழித்திருந்தமையால் பரிசை இழந்தார். சர்வதேசக் கலைக் கண்காட்சிகளின் இயற்கைப் பிரிவிலும் படத்திலுள்ள பொருளை இவ்வாறு அழித்தல் விலக்கப்பட்டுள்ளது. கற்பனைக்கு இடமளிக்கும் பொதுப் பிரிவில் அத்தடை இல்லை. நீர்வேலிப் படம் சென்றது பொதுப் பிரிவுக்கே. ஆதலின் விதிப்படி அவர் குற்றம் செய்தவரல்லர். ஆயினும், விதி மீறப்படாத இடத்திலும் ஒருவருக்கு அநீதி நேரலாம் என்பதை அவர் முதியவரின் முகத்திற் கண்டார்.

பின்னர் ஒரு கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்டபோது, தடியுள்ள படத்தையும் தடியில்லாத படத்தையும் அருகருகே வைத்து நடந்ததைக் கூறினார். தடியில்லாததே அழகு என்று சிலர் வாதிட்டனர். அவர் அதை மறுக்கவில்லை. வானத்தைப் பற்றிய நடுவரின் கண்டனத்துக்கு நன்றியும் கூறினார். ஆனால் அழகைத் தீர்மானிக்கும் சபையில் முதியவருக்கும் ஓர் ஆசனம் வேண்டும் என்றார். அதற்கு மண்டபத்தில் உடன்பாடும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது.

வானம் சீராக்கப்பட்டு, தடி மீண்டும் தன்னிடத்தில் நிற்கும் படமொன்று இப்பொழுது முதியவரின் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. அதே படத்தை இளைஞர் இன்னும் போட்டிகளுக்கு அனுப்பிவருகிறார். அதற்கு இதுவரை பரிசு கிடைக்கவில்லை.