ஜி.டபிள்யூ.டி. செத்துடுச்சா?

பொட்டி தட்டுறவங்க நாலு பேர் சேர்ந்தா, அரசியல், சினிமாவுக்கு அடுத்து கண்டிப்பா வர்ற சண்டை ஒண்ணு இருக்கு. "அந்த டூல்கிட் இன்னும் உசுரோட இருக்கா, செத்துடுச்சா?" நான் ஆணி புடுங்குற இடத்துல இந்தச் சண்டை கூகிள் வெப் டூல்கிட்டை வெச்சு நடந்தது. சுருக்கமா ஜி.டபிள்யூ.டி.

சும்மா வாய்ச்சண்டை இல்ல. பில்லிங் ஆளுங்க காலையில திறந்தா சாயங்காலம்தான் மூடுற அப்ளிகேஷன் ஒண்ணு, 2009லேர்ந்து இதுலதான் ஓடுது. புதுசா வந்த மேலாளர், "தாத்தா காலத்து சமாச்சாரம், தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதுங்க"ன்னுட்டார். அதை இத்தனை வருஷமா பார்த்துக்கற ரெண்டு பேர் முகத்துல ஈயாடல. தூக்கிப் போடறது அப்ளிகேஷனை மட்டுமா, எங்களையும் சேர்த்தாங்கிற கேள்வியை அவங்க வாய்விட்டுக் கேக்கல, அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 2006 மே மாசம் ஜாவாஒன் மாநாட்டுல கூகிள் இதை வெளியிட்டப்போ, ஐஇ6ல ஒழுங்கா வர்ற பக்கம் ஃபயர்பாக்ஸ்ல கோணிக்கும். அங்க சரி பண்ணா இங்க இளிக்கும். "நீங்க ஜாவாவுல எழுதுங்க, ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனியா ஜாவாஸ்கிரிப்ட் நான் தைச்சுத் தர்றேன்"னு வந்த தையல்காரர்தான் ஜி.டபிள்யூ.டி. அஞ்சு உலாவி, மூணு மொழின்னா மொத்தம் 15 சட்டை. அதனாலதான் கம்பைல் தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போறது. சில நாள் டிபனே முடிச்சிட்டு வரலாம் :-)

அதே 2006 டிசம்பர்ல, 1.3 பதிப்போட, மொத்த மூலநிரலையும் அப்பாச்சி 2.0 உரிமத்துல திறந்து விட்டாங்க. என்னைக் கேட்டா இந்தக் கதையில முக்கியமான தேதி அதுதான்.

ஏன்னா, அதுக்கப்புறம் "செத்துடுச்சு" சேதி வந்துக்கிட்டேதான் இருந்தது. இதுல கட்டின கூகிள் வேவ் 2009ல ஆர்ப்பாட்டமா வந்தது, 2010 ஆகஸ்ட்ல நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க. 2012ல டூல்கிட்டை கூகிள், வாடின், ரெட் ஹாட்னு பல பேர் சேர்ந்த குழு கையில கொடுத்தாங்க. உடனே "கழட்டி விட்டுட்டாங்கப்பா"ன்னு ஒரே புலம்பல். பிறகு கூகிள் தன் வேலைக்கு ஜே2சிஎல்னு வேற மொழிமாற்றி செஞ்சுக்கிச்சு. ஆனா 2022ல 2.10 வந்தது, 2024ல 2.11 வந்தது. 2.10ல மேவன் தொகுதிப் பேர்லேர்ந்து கூகிளையே எடுத்துட்டாங்க. உள்ள ஜாவா பேக்கேஜ்கள்ல மட்டும் பழைய பேர் அப்படியே இருக்கு. வாசல்ல பேர்ப்பலகை மாறிடுச்சு, பாத்திரத்துல வெட்டின பேர் மாறல.

இன்னொரு பக்கம் ஆங்குலர்ஜேஎஸ். அதுவும் கூகிள் பிள்ளைதான். 2014 வாக்குல "பேசாம அதுக்கு மாறிடலாம்"னு இங்கேயும் ஒரு பேச்சு ஓடிச்சு. 2016ல வந்த ஆங்குலர் 2 பழசோட ஒத்தே போகல. பழசுக்கான ஆதரவு 2021 கடைசியோட முடிஞ்சது. அன்னிக்கு மாறியிருந்தா இன்னொரு தடவை மாறியிருக்கணும்.

எதிர்க்கட்சி சொல்றதும் பொய்யில்ல. புதுசா சேர்ற பசங்களுக்கு இதைப் படிக்க மனசே வரல. நாளைக்கு ரெஸ்யூம்ல போட்டா யார் கூப்பிடுவாங்கன்னு பயம். இருபத்திமூணு வயசுல அந்த பயம் நியாயம்தான்.

மீட்டிங்ல நான் சொன்னது இதுதான்: உசுரோட இருக்கான்னு கேக்காதீங்க, மூணு விஷயம் பாருங்க. உரிமம் நம்மளை விடுதா? மூலநிரலை எடுத்து நாமளே பில்ட் பண்ண முடியுதா? பழுது பார்க்க, நம்ம ஆள் உட்பட, யாராவது இருக்காங்களா? பெரிய கம்பெனி பேர் இந்த மூணுல எதுலயுமே வராது.

ரெண்டு பேருமா உக்காந்து மூணு வாரத்துல 2.10க்கு ஏத்தினாங்க. டூல்கிட் படுத்தல. கூட ஒட்டவெச்சிருந்த ஒரு விட்ஜெட் நூலகம்தான் படுத்துச்சு. எழுதினவர் எப்பவோ கைவிட்டது. மூலநிரல் இருந்ததால திறந்து இவங்களே ஒட்டுப் போட்டாங்க. இப்போதைக்கு உடன்பாடு: பழைய திரைகள் ஜி.டபிள்யூ.டி.யிலேயே ஓடும், புதுத் திரைகளை பசங்க இஷ்டப்பட்டதுல எழுதிக்கலாம். பில்லிங் ஆளுங்களுக்கு இந்த ரகளை எதுவுமே தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சரி மக்களே, உங்க ஆபீஸ்ல எந்தத் தாத்தா இன்னும் ஓடிட்டிருக்கார்? அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறது யாரு?