வான்கூவரின் காலைக் கதிரவன்

கனடா நாட்டின் மேற்குக் கரையிலே, பசிபிக் மாக்கடலின் ஓரத்தில் அமைந்துள்ள பெரிய துறைமுக நகரம் வான்கூவர். அந்நகரின் பழைய பகுதியில், கப்பல் துறைக்கு அருகே, நான்கு தெருக்களுக்கு நடுவே ஒரு சிறு பூங்கா இருக்கிறது. நகரின் இரண்டாவது மேயராயிருந்த டேவிட் ஒப்பன்ஹைமரின் பெயரை அது 1902இல் பெற்றது. அதற்கு முன் மக்கள் அதனைப் பவல் தெரு மைதானம் என்றே அழைத்தனர். இன்று அச்சுற்றுப்புறம் வறியோரும் வீடற்றோரும் மிகுதியாக வாழும் இடம். ஆனால் அந்த மைதானத்து மண்ணில் ஓர் எளிய விளையாட்டுக் குழுவின் வரலாறு புதைந்து கிடக்கிறது. நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

பவல் தெருவும் அதன் மக்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஜப்பானியர் பலர் பிழைப்புத் தேடி இக்கரையில் வந்து இறங்கினர். சிலர் மர அறுவை ஆலைகளில் வேலை செய்தனர். சிலர் படகேறி மீன் பிடித்தனர். பவல் தெருவின் இரு மருங்கிலும் அவர்களுடைய மளிகைக் கடைகள், மீன் கடைகள், முடிதிருத்தகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவை எழுந்தன. பிள்ளைகள் தாய்மொழி பயில 1906இல் ஒரு பள்ளியும் தோன்றியது.

வாழ்வு எளிதாக இல்லை. 1907ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆசியர்களை வெறுத்த கும்பலொன்று சீனர் தெருவைச் சூறையாடிவிட்டுப் பவல் தெருவுக்குள்ளும் புகுந்தது. அக்குடியினர் எதிர்த்து நின்று அதனை விரட்டினர். ஆயினும் சட்டத்தை அவ்வாறு விரட்ட இயலவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அதே கதிதான். வாக்காளர் பட்டியலில் பெயரில்லாதவன் வழக்கறிஞனாகவோ மருந்தாளுநனாகவோ தொழில் நடத்தவும் முடியாது.

இத்தகைய மக்களிடையே 1914ஆம் ஆண்டு ஒரு பேஸ்பால் குழு பிறந்தது. அதற்கு 'அசாஹி' என்று பெயர் சூட்டினர். காலைக் கதிரவன் என்பது அச்சொல்லின் பொருள்.

அறிவால் ஆடிய ஆட்டம்

பேஸ்பால் நம் நாட்டில் அவ்வளவாகப் பழகாத ஆட்டமாதலால் அதைப் பற்றிச் சில சொற்கள். பக்கத்திற்கு ஒன்பது பேர். சாய்சதுர வடிவான களத்தின் நான்கு முனைகளிலும் நான்கு தளங்கள். எதிரணி வீசும் பந்தை உருண்டையான மட்டையால் அடித்துவிட்டு, மூன்று தளங்களையும் தொட்டுத் தொடங்கிய தளத்திற்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை நெடுந்தொலைவு அடிப்பவனே பெரிய வீரன் என்பது பொதுவான எண்ணம்.

அசாஹி இளைஞர்களோ உருவத்தில் சிறியவர்கள். எதிரே நின்ற வெள்ளையர் அணிகளில் நெடிய, வலிய மனிதர்கள் இருந்தனர். பலத்தோடு பலம் மோதினால் தோல்விதான். 1922ஆம் ஆண்டு குழுவின் பொறுப்பை ஏற்ற ஹாரி மியாசாகி இதனை நன்கு உணர்ந்தார். ஓங்கி அடிப்பதற்குப் பதிலாக, மட்டையை அசையாமல் பிடித்துப் பந்தைக் காலடியிலேயே மெல்ல விழச் செய்யும் முறையில் அவர் தம் இளைஞர்களைப் பழக்கினார். தொலைவில் நிற்கும் எதிரணியினர் ஓடிவந்து பந்தை எடுப்பதற்குள் மூன்றாம் தளத்தில் காத்து நின்றவன் பாய்ந்து ஓட்டத்தை முடித்துவிடுவான். பந்து வீசுபவன் சற்றே அயர்ந்தால் அடுத்த தளத்தை ஓடிப் பற்றுவதும் அவர்களுடைய கலையாயிற்று. இந்த முறையை 'மூளையால் ஆடும் ஆட்டம்' என்றே கூறலாயினர்.

பயன் விரைவில் தெரிந்தது. 1926இல் வெள்ளையர் அணிகள் நிறைந்த டெர்மினல் லீக் என்னும் போட்டியில் அசாஹி முதலிடம் பெற்றது. 1935இல் ஜப்பானிலிருந்து சுற்றுப்பயணம் வந்த டோக்கியோ ஜயண்ட்ஸ் குழுவையும் எதிர்த்து ஆடியது. 1937 முதல் 1941 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வடமேற்குப் பசிபிக் வாகையர் பட்டம் அதன் வசமிருந்தது.

இவர்கள் யாரும் கூலிக்கு ஆடியவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடலாகாது. பகலெல்லாம் ஆலையிலும் கடையிலும் உழைத்துவிட்டு மாலையில் மைதானத்திற்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னே ஒரு குடியிருப்பே நின்றது. வணிகர்கள் பொருளுதவி செய்தனர். சிறுவர்களுக்கென்று வயதுக்கேற்ற இளைய குழுக்கள் இருந்தன; அவற்றில் தேறியவனே மூத்த குழுவில் இடம் பெறுவான். அசாஹியின் சட்டையை என்றேனும் ஒருநாள் அணிய வேண்டும் என்பதே தெருவிலுள்ள ஒவ்வொரு சிறுவனின் கனவாயிருந்தது. ஆட்ட நாளில் பாட்டன்மார் முதல் பேரப்பிள்ளைகள் வரை மைதானத்தைச் சூழ்ந்து நிற்பர்.

நடுவர் தவறாகத் தீர்ப்பளித்தாலும் வாதாடக்கூடாது, எதிரணி முரட்டுத்தனமாக ஆடினாலும் கைகலக்கக்கூடாது என்பது குழுவின் ஒழுங்கு. இதைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ணவில்லை. மைதானத்திற்கு வெளியே தம்மைச் சமமாக மதியாத நகரில், கோடுகளுக்குள்ளே ஒரே விதி எல்லோருக்கும் பொது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நாளடைவில் வெள்ளையர் பலரும் அசாஹிக்காகக் கைதட்டத் தொடங்கினர்.

கலைந்த கூடு

1941 செப்டம்பர் 18ஆம் நாள் அசாஹி ஓர் ஆட்டம் ஆடியது. அதுவே கடைசி ஆட்டம் என்று அன்று யாரும் அறிந்திலர். டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. கனடாவும் போரில் இறங்கியது. கனடா மண்ணிலேயே பிறந்தவர்கள் உட்பட ஜப்பானிய வழியினர் அனைவரும் பகைவராகக் கருதப்பட்டனர். அவர்களுடைய மீன்பிடி படகுகள் பறிக்கப்பட்டன. 1942இல் கரையிலிருந்து நூறு மைலுக்குள் அவர்கள் இருக்கலாகாது என்ற ஆணை பிறந்தது. ஏறத்தாழ 22,000 பேர் வீடிழந்தனர். முதலில் பலரை நகரின் கண்காட்சித் திடலில், கால்நடைகளைக் கட்டிவந்த கொட்டில்களில் தங்கவைத்தனர். பின்னர் உள்நாட்டு மலைப்பகுதிகளுக்கு இரயிலில் அனுப்பினர். விட்டுச்சென்ற வீடு, கடை, நிலம் யாவும் உரியவரின் இசைவின்றியே விற்கப்பட்டன.

இவ்விடத்தில் நாம் நினைவுகூர வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பிராயச்சித்தப் பிரான்சிஸ்கன் கன்னியர் 1926 முதல் அச்சுற்றுப்புறத்து ஜப்பானிய மக்களிடையே பணிபுரிந்து வந்தனர். மக்களை அனுப்பியபோது அவர்கள் தங்கள் இல்லத்தில் தங்கிவிடவில்லை. அதே சபைக் குடும்பத்துத் துறவியருடன், சுரங்கம் ஓய்ந்து பாழடைந்து கிடந்த கிரீன்வுட் என்னும் ஊருக்கு மக்களோடு தாங்களும் சென்று, அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர்.

அசாஹி வீரர்களும் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினர். ஆயினும் போன இடத்திலெல்லாம் ஆட்டமும் கூடவே சென்றது. ஸ்லோகன் பள்ளத்தாக்கின் முகாம்களில் கற்களைப் பொறுக்கிக் களம் அமைத்து அணிகள் சேர்த்தனர். 1939இல் பதினேழு வயதில் குழுவில் சேர்ந்த கே கமினிஷி என்னும் இளைஞர், லில்லூயெட் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் குடியமர்த்தப்பட்டார். ஊருக்குள் தாராளமாகச் செல்ல அவர்களுக்கு உரிமையில்லை. காவலுக்கு வந்த காவல்துறை அதிகாரியிடம் அவர், ஊராருடன் ஒரு பந்தாட்டம் ஆடலாமா என்று கேட்டார். இசைவு கிடைத்தது. முதலில் ஆட்டம் நடந்தது, பின் பேச்சு, பின் நட்பு. அரசாணை எழுப்பிய சுவரில் ஒரு பந்து சிறு வாயிலைத் திறந்துவிட்டது!

காலம் கடந்த மரியாதை

போர் 1945இல் முடிந்தும் மேற்குக் கரைக்குத் திரும்ப 1949 ஏப்ரல் 1ஆம் நாள் வரை அனுமதி கிடைக்கவில்லை. மாநிலத்தில் வாக்குரிமையும் அவ்வாண்டில்தான் வந்தது. அதற்குள் குடும்பங்கள் கனடா முழுவதும் பரவிவிட்டன. ஏறக்குறைய 4,000 பேர் ஜப்பானுக்கே சென்றுவிட்டனர். திரும்ப வருவதற்குப் பவல் தெருவில் வீடுமில்லை, கடையுமில்லை. 1953இல் திருப்பித் தரப்பெற்ற மொழிப்பள்ளி ஒன்றே மிஞ்சியது. அசாஹி மறுபடியும் கூடவேயில்லை.

1988 செப்டம்பர் 22ஆம் நாள் பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் ஈடு வழங்கப்பட்டது. 2003இல் அசாஹி குழு கனடா பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்றது. 2011இல் பழைய மைதானத்தில் நினைவுப் பலகை நாட்டப்பட்டது. 2019இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. அதே பெயரில் மீண்டும் தோன்றிய சிறுவர் குழுவொன்று 2015இல் ஜப்பான் சென்று ஆடித் திரும்பியது. குழுவில் உயிரோடிருந்த கடைசி வீரரான கமினிஷி 2024இல், தம் 102ஆம் வயதில் காலமானார்.

பூங்காவில் 1977இல் ஜப்பானிய முதியோர் நட்ட செர்ரி மரங்கள் இளவேனிலில் பூக்கின்றன. அவ்வாண்டு முதல் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அங்கே பவல் தெரு விழாவும் நடந்து வருகிறது.

வாசக அன்பர்களே! நம் ஊர்களிலும் இளைஞர் மன்றங்களும் விளையாட்டுக் குழுக்களும் இருக்கின்றன. மாலையில் மைதானத்திலேயே பிள்ளை பொழுதைக் கழிக்கிறானே என்று பெற்றோர் சலித்துக்கொள்வதும் உண்டு. வீட்டையும் நிலத்தையும் இழந்த ஒரு சமூகத்திடமிருந்து பறிக்க முடியாமற்போனது, அத்தகைய மைதானத்தில் அது கற்றுக்கொண்ட ஒழுங்கும் ஒற்றுமையுமே. அடுத்த முறை பிள்ளை வியர்வையோடு வீடு திரும்பும்போது, யாரோடு ஆடினாய், யாரையேனும் வெளியே நிறுத்தினீர்களா என்று கேளுங்கள். எத்தனை ஓட்டம் எடுத்தாய் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.