நம்ம கோவில் குதிரைக்குட்டி இந்த வருஷம் ஊர்வலத்துக்கு வருமா?



ஆடித் திருவிழா நெருங்க நெருங்க எங்க தொண்டர் குழுவுக்கு வர்ற கேள்வி எல்லாம் ஒண்ணுதான். "குட்டி இந்த வருஷம் சாமி கூட நடக்குமா? பேரனை மேல உட்கார வைக்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்லி முடியல. இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

குட்டி வந்தப்போ அதுக்கு எட்டு மாசம். பால் மறந்த கையோட ஒரு பக்தர் குடும்பம் வேண்டுதலுக்காகக் கொடுத்தாங்க. முனீஸ்வரர் கோவிலுக்குக் குதிரை வருதுன்னா யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஆனா குழுவில ஒருத்தருக்கும் குதிரை பழக்கம் கிடையாது. தோட்டத்தில வளர்ந்ததால மாடு தெரியும், ஆடு தெரியும். பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து புல்லு போடுறவங்க.

நல்லவேளையா, பந்தய மைதானத்தில நாற்பது வருஷம் குதிரை பார்த்த ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை பூசைக்கு வருவார். எழுபது தாண்டியவர். அவரைக் கேட்டதும் சரின்னார். முதல் வாரம் முழுக்க கொட்டகைக்குள்ள ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பசங்களுக்குப் பொறுமை இல்ல. "ஐயா, எப்ப பழக்கப் போறீங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். "பழக்கிக்கிட்டுதான் இருக்கேன் தம்பி. அது என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கு பாரு"ன்னார். ஆறாவது நாள் குட்டியே வந்து அவர் சட்டையை மோந்து பார்த்துச்சு.

அப்புறம்தான் ஹால்டர்னு சொல்ற தலைக்கயிறு. கயிறை லேசா இழுத்துப் பிடிக்கணும், குட்டி ஒரு அடி எடுத்து வச்ச அந்த நொடியே தளர்த்திடணும். கொஞ்சம் தாமதமா விட்டாலும் எதுக்கு விட்டாங்கன்னு அதுக்குப் புரியாது. முரட்டுத்தனமா இழுத்தா அது பின்னாடிதான் போகும், பலத்தில நம்மால ஜெயிக்க முடியாது. கழுத்திலிருந்து கால் வரைக்கும் தினம் தடவிக் கொடுக்கிறது, ரெண்டு பக்கமும் நின்னு கூட்டிட்டுப் போறது, ஒவ்வொரு காலா தூக்கிக் குளம்பைச் சுத்தம் பண்றது, எல்லாம் பத்துப் பதினஞ்சு நிமிஷப் பாடம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ ஆள் வர்றார். இப்ப அசையாம காலைக் கொடுக்குது. பார்க்கவே பெருமையா இருக்கும்.

தீனி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். மாட்டுக்குப் போடுற யானைப்புல்லையே ஏன் இதுக்குப் போடலன்னு கேட்கிறாங்க. அந்தப் புல்லில ஆக்சலேட்னு ஒரு சத்து இருக்கு. மாட்டு வயிறு அதைச் சமாளிச்சுக்கும். குதிரைக்கு அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுடும், நாளாவட்டத்தில எலும்பு பலவீனமாகி முகமே வீங்கிடும். அதனாலதான் காய்ஞ்ச வைக்கோல் புல்லை வெளிய இருந்து வாங்குறோம், உங்க காணிக்கையில பெரிய பங்கு அதுக்குத்தான் போகுது. கோழித்தீனி, மாட்டுத்தீனி மூட்டையை யாரும் அன்பளிப்பா கொண்டு வராதீங்க. அதில கலக்கிற சில மருந்து குதிரையைக் கொன்னுடும்.

போன வருஷம் ஒரு ராத்திரி யாரோ சர்க்கரைப் பொங்கலையும் வாழைப்பழத்தையும் பை நிறைய கொட்டிட்டுப் போயிட்டாங்க. பிரசாதம்தானேன்னு பக்தியோடதான் போட்டிருப்பாங்க, அதில சந்தேகம் இல்ல. மறுநாள் சாயங்காலம் குட்டி தரையைக் காலால பறிச்சுது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துது, படுத்து உருண்டுது. சாணமே போடல. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழ் வழியாத்தான் வந்தாகணும். டாக்டர் வந்து மூக்கு வழியா குழாய் விட்டு எண்ணெய் ஊத்தினார். நாங்க அஞ்சு பேர் ராத்திரி முழுக்க மாறி மாறிப் பார்த்துக்கிட்டோம். விடியக்காலை நாலு மணிக்குச் சாணம் போட்டுது. அஞ்சு பேரும் "அரோகரா"ன்னு கத்தினதில பக்கத்து வீட்டு நாய் எல்லாம் எழுந்திருச்சு! சிரிப்பா இருக்கு இப்ப. அன்னிக்கு இல்ல. இனிப்பு அதிகமானா இந்தச் சின்னக் குதிரை ஜாதிக்குக் குளம்புக்குள்ளயும் வீக்கம் வரும், நிற்கவே முடியாம போயிடும்.

இன்னொரு சர்ச்சையும் உங்களுக்குத் தெரியும். காயடிக்கணும்னு டாக்டர் சொன்னப்போ கூட்டத்தில ரெண்டு மணி நேரம் வாக்குவாதம். சாமி குதிரைக்கு இப்படிச் செய்யலாமான்னு பெரியவங்க வருத்தப்பட்டாங்க. பூசாரி ஐயாதான், பிள்ளைங்க நடமாடுற இடம், சாமி கோவிச்சுக்க மாட்டார்னு முடிச்சு வச்சார். எங்க கருத்தும் அதுதான். பொலிகுதிரையை உருமிச் சத்தத்துக்கு நடுவில பிடிச்சு நிறுத்த குழுவில யாருக்கும் தெம்பு கிடையாது.

உருமின்னதும் சொல்லணும். கார் நிறுத்துற இடத்தோட மறு கோடியில நம்ம பசங்க மெதுவா அடிக்க ஆரம்பிச்சாங்க. குட்டி காதைத் திருப்பிப் பார்த்துட்டு மறுபடி புல்லு மேய்ஞ்சா மட்டும் பத்தடி கிட்ட வருவாங்க. தலையைத் தூக்கி நின்னுட்டா அங்கேயே நிறுத்திடுவாங்க. இருபதடி தூரத்துக்கு வர நாலு மாசம் ஆச்சு. சங்கு ஊதினா இன்னும் உடம்பு நடுங்குது. பட்டாசுப் பக்கமே போகல.

அதனால பதில் இதுதான். இந்த வருஷம் ஊர்வலத்துக்கு வராது. சாமி புறப்படுறப்போ வாசல்ல ஒரு ஓரமா, பெரியவர் கையில கயிறோட நிற்கும். மேல யாரையும் உட்கார வைக்க மாட்டோம். இப்பத்தான் ரெண்டு வயசு தாண்டியிருக்கு, பால் பல்லே இன்னும் விழல. முதுகெலும்பு முத்த அஞ்சு வயசுக்கு மேல ஆகும். எங்க தொழிற்சாலையில புதுசா வர்ற ஆளையே முதல் நாள் மெஷின்ல தனியா விட மாட்டோம், இது வாயில்லாத ஜீவன். வேண்டுதல் இருக்கிறவங்க குழந்தையைக் கூட்டிட்டு வந்து கழுத்தைத் தொட்டுக் கும்பிடட்டும், அதுக்குத் தடையில்ல.

சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் வெளிய கூட்டிட்டு வருவோம், வெயில் ஏறினா உள்ளே போயிடும். முன்னால தோள் பக்கமா வாங்க, நேர் பின்னால அதுக்குக் கண் தெரியாது, பயந்தா உதைக்கும். கேரட் கொண்டு வர்றவங்க வட்டமா நறுக்காம நீளவாக்கில வெட்டி எங்க ஆள் கையில கொடுங்க, வட்டத் துண்டு தொண்டையில அடைச்சுக்கும். உருமிப் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அந்த நேரத்தில கார் நிறுத்துற இடத்துக்குள்ள வர்றவங்க தயவு செஞ்சு ஹாரன் அடிக்காதீங்க.