ஊற்றிய தண்ணீர் திரும்பி வர வேண்டும்

கலமசூ, மிச்சிகன்

அன்புள்ள செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. புது வீட்டில் நீயும் மாலதியும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய மூன்று மெஷின்களின் படங்களையும் பார்த்தேன். எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னாய். சொல்லிவிடலாம்தான். ஆனால் மாடியும் கீழுமாக வீடு முழுக்கக் கார்ப்பெட் என்கிறாய். முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்திருக்கிறார்கள். பாப்பா தவழத் தொடங்கிவிட்டாள். சித்திரை பிறந்ததும் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். இத்தனையும் இருக்கும்போது வெறும் பெயரை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆற அமரப் படி.

சோபாவிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தே பழகியவர்களுக்குக் கார்ப்பெட் நடக்கிற இடம். நாம் தரையிலேயே புழங்குகிறவர்கள். அம்மா வந்தால் கீழே உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள். அப்பா மத்தியானம் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு தரையில்தான் சாய்வார். அவருக்கோ இளைப்பு உண்டு. பாப்பாவின் கையும் வாயும் நாள் முழுக்கக் கார்ப்பெட்டில்தான். அதனால் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தால் மட்டும் நமக்குப் போதாது. உள்ளே ஈரமும் சோப்பும் தங்காமல் இருக்க வேண்டும்.

நின்றபடி தள்ளும் இந்த மெஷின்கள் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு தொட்டியிலிருந்து சோப்பு கலந்த வெந்நீரைத் தெளிக்கும். சுழலும் பிரஷ் இழைகளைத் தேய்க்கும். மோட்டார் அந்த அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி இன்னொரு தொட்டியில் சேர்க்கும். தெளிப்பதும் தேய்ப்பதும் எந்த மலிவான மெஷினும் செய்துவிடும். உறிஞ்சுவதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். உள்ளே போன தண்ணீரில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி. பிரஷ் எத்தனை, பொத்தான் எத்தனை என்பதெல்லாம் பிறகு.

அதற்குக் காரணம் கார்ப்பெட் செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்று ஒரு ஊர். அமெரிக்காவின் கார்ப்பெட் தொழிலுக்கு அதுதான் தலைநகரம். 1895-ஐ ஒட்டி அங்கே கேத்தரின் எவான்ஸ் என்ற பதின்வயதுப் பெண் படுக்கை விரிப்பில் நூலைக் குத்தி இழுத்துக் குச்சம் வைக்கும் பழைய கைவேலையை மறுபடி செய்து பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அது வீட்டுத் தொழிலானது. பிறகு ஊசிகள் இயந்திரத்தில் ஏறி, விரிப்பு கார்ப்பெட்டானது. இன்று உன் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதை யாரும் நெய்வதில்லை. ஒரு துணியில் இழைகளைக் குத்தி நிறுத்தி, பின்பக்கம் லேடெக்ஸ் பசை தடவி, இன்னொரு துணியை ஒட்டுகிறார்கள். அதற்கும் கீழே நுரை மெத்தை. தண்ணீர் அந்த மெத்தை வரை இறங்கிவிட்டால் மெஷினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பசை தளரும், ஈரவாடை வரும், பூஞ்சை பிடிக்கும். நனைந்த பொருள் எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது இதனால்தான். அந்த டால்டனில் இருக்கும் கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிடியூட் மெஷின்களைச் சோதித்து முத்திரை தருகிறது. அழுக்கை எவ்வளவு எடுக்கிறது என்பதோடு, ஈரத்தை எவ்வளவு விட்டுவைக்கிறது, இழை கெடுகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்.

இனி நீ அனுப்பிய மூன்றுக்கும் வருகிறேன்.

முதலாவது பிஸல் பிக் க்ரீன். பிஸல் எங்கள் பக்கத்து நிறுவனம். இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸல் 1876-இல் கார்ப்பெட் பெருக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1889-இல் அவர் இறந்ததும் மனைவி அன்னா பிஸல் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிப் பொறுப்பேற்றதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். பிக் க்ரீனில் சுத்தத் தண்ணீர்த் தொட்டி 1.75 கேலன், அதாவது ஆறரை லிட்டருக்கு மேல். முன்னே தள்ளும்போதும் பின்னே இழுக்கும்போதும் சுத்தம் செய்யும். வாடகைக்குக் கிடைக்கும் பெரிய மெஷின்களுக்கு ஈடான கனமும் உறிஞ்சலும் கொண்டது. காலித் தொட்டியோடேயே சுமார் 40 பவுண்டு, 18 கிலோ. தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் ஆறரை கிலோ கூடும். ஒரே தளமாக இருக்கும் பெரிய வீட்டுக்கு இதைவிட நல்லது சொல்ல மாட்டேன். உன் வீட்டில் இதை மாடிப்படியில் யார் தூக்குவது? நீ வேலைக்குப் போன நேரத்தில் பாப்பா பாலைக் கொட்டினால் மாலதி தனியாக இதை எடுக்க முடியாது.

இரண்டாவது ஹூவர் ஸ்மார்ட்வாஷ். இதில் தெளிப்பதற்கென்று விசையே கிடையாது. முன்னே தள்ளினால் தெளித்துத் தேய்க்கும், பின்னே இழுத்தால் உறிஞ்சி உலர்த்தும். சோப்புத் திரவத்துக்குத் தனித் தொட்டி. எவ்வளவு கலப்பது என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும். முதல்முறை கையில் எடுப்பவருக்கு இது மிகவும் வசதி. ஆனால் சோப்பின் அளவு நம் கையில் இருக்காது. 

மூன்றாவது பிஸல் ப்ரோஹீட் 2எக்ஸ் ரெவல்யூஷன். எடை பிக் க்ரீனில் பாதிக்கும் குறைவு. தொட்டி ஏறக்குறைய ஒரு கேலன். சுழலும் பிரஷ் இரண்டு. கைப்பிடியில் விசை உண்டு; அழுத்தினால் தெளிக்கும், விட்டால் உறிஞ்சுவது மட்டும் நடக்கும். சோப்பை நீதான் தொட்டியில் கோடு பார்த்து ஊற்ற வேண்டும். சற்றுக் கூடுதல் வேலைதான். ஆனால் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரை நிரப்பி ஒருமுறை அலசலாம். நமக்கு அந்த அலசல் முக்கியம், செந்தில். இழையில் தங்கிய சோப்பு பிசுபிசுத்து, காலில் வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய கார்ப்பெட் சில வாரங்களிலேயே முன்னைவிட மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பாப்பாவின் உள்ளங்கையிலும் அதே சோப்புதானே ஒட்டும்.

இவற்றைவிடச் சிறிய, 12 பவுண்டை ஒட்டிய மெஷின்களையும் கடையில் காட்டுவார்கள். ஒற்றை அறை, மாணவர் குடியிருப்பு என்றால் போதும். உன் வீட்டு அளவுக்குத் தொட்டியை நிரப்பிக் கொட்டியே கை ஓய்ந்துவிடும். சிலவற்றில் படிக்கட்டுக்கு உதவும் கைக்குழாயும் இராது. உன் வீட்டில் படிதான் அதிகம் மிதிபடும் இடம். கைக்குழாய் இல்லாத எதையும் வாங்காதே.

விளம்பரத்தில் இரண்டு விஷயங்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒன்று ஹீட்டர். இங்கே ஒரு சாதாரண பிளக்கில் 120 வோல்ட், அதிகபட்சம் 15 ஆம்பியர்; மொத்தம் 1800 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதிலேயே மோட்டாரும் பிரஷும் ஓட வேண்டும். மிச்ச மின்சாரத்தில் தண்ணீர் கொதிக்காது. நீ ஊற்றும் வெந்நீர் ஆறிப்போகாமல் இருக்கவே அந்த ஹீட்டர் உதவும். குழாயில் வரும் வெந்நீரை ஊற்று. அடுப்பில் கொதிக்க வைத்ததை ஊற்றிவிடாதே, தொட்டி நெளிந்துவிடும். இன்னொன்று ஆம்பியர். 12 ஆம்பியர் என்றால் 12 ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது என்றுதான் பொருள். உறிஞ்சும் வலிமை, வாய் எவ்வளவு ஒடுக்கமாகக் கார்ப்பெட்டோடு படிகிறது, காற்று வழியில் எங்கும் கசிகிறதா என்பதைப் பொறுத்தது.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் புத்தகங்களில் காபி, ஒயின், நாய் என்று எல்லாக் கறைக்கும் வழி இருக்கும், சாம்பாருக்கு இருக்காது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே மாற்றம் கார்ப்பெட்டிலும் நடக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவந்துவிடும். கார்ப்பெட் சோப்புகளில் பல காரத்தன்மை உள்ளவை. சாம்பார் கொட்டிய இடத்தில் உடனே மெஷினை ஓட்டினால் மஞ்சள் கறை செங்கறையாகிப் பரவும். முதலில் ஸ்பூனால் வழித்தெடு. வெள்ளைத் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. பிறகு வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒற்று. புளிப்பு பட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது தடவலாம். அதற்குமுன் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் தடவி, நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள். ஜன்னல் வெயில் படும் இடமானால் மிச்சம் நாளாவட்டத்தில் தானே வெளுக்கும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கு எண்ணெய் சிந்தினால் சோள மாவைத் தூவி, அது எண்ணெயைக் குடித்த பிறகு வாக்யூமால் எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் பட வேண்டும்.

மாமனார் வீட்டில் கொடுத்த காஷ்மீர்க் கம்பளத்தின் மேல் மெஷினை ஓட்டவே வேண்டாம். கம்பளிக்குக் காரமும் அதிகச் சூடும் பகை. பட்டு கலந்திருந்தால் தண்ணீரே பகை. அதைக் கம்பளம் கழுவத் தெரிந்தவர்களிடம் கொடு. அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமக்காளமும் அப்படித்தான். இழை நிற்காத தட்டை நெசவு அது. சுழலும் பிரஷில் சுருண்டு மாட்டிக்கொள்ளும். ஜமக்காளத்தை நம் ஊரில் செய்வதுபோல் உதறி, அலசி, வெயிலில் போடு.

கழுவும் நாளுக்கு முன்னால் வாக்யூம் அவசியம். கார்ப்பெட்டில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண். அதை எடுக்காமல் தண்ணீர் விட்டால் சேறுதான். பிறகு விசையை அழுத்தி ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே. விசையை விட்டு அதே தடத்தில் மெதுவாக இரண்டு முறை உறிஞ்சல். அவசரப்படாதே, இழுக்கும் வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் வெளியே வரும். உறிஞ்சும் வாயில் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை உலர்த்து. அடுத்து வெறும் தண்ணீரில் ஒரு அலசல், மறுபடி உறிஞ்சல். மோட்டார் சத்தம் திடீரென்று கீச்சென உயர்ந்தால் அழுக்குத் தொட்டி நிறைந்து மிதவை காற்றை அடைத்துவிட்டது என்று அர்த்தம். நுரை அதிகமானாலும் இப்படி ஆகும். உடனே நிறுத்திக் கொட்டு. முடியும் நாரும் இருப்பதால் கழிப்பறையில் கொட்டுவது நல்லது.

நீ இருக்கும் நியூ ஜெர்ஸியின் கோடைக்காலப் புழுக்கம் உனக்குத் தெரியும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் தூசிப் பூச்சிகள் பெருகும். அப்பாவின் இளைப்புக்கு அவையே முதல் எதிரி. அதனால் அம்மாவும் அப்பாவும் வருமுன், காற்றோட்டமான ஒரு நாளில் காலையிலேயே கழுவி முடி. மின்விசிறிகளைப் போட்டு, தேவையானால் ஏசியையும் ஓட விடு. முழுக்கக் காயும்வரை பாப்பாவை இறக்காதே. கழுவி முடிந்ததும் இரண்டு தொட்டிகளையும் அலசி, பிரஷில் சுற்றிய முடியை எடுத்து, மூடாமல் காயவை. குளிர்காலத்தில் கராஜில் வைக்காதே. குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்து பம்ப் வெடித்துவிடும்.

ஆகவே என் யோசனை இது. சாமான்கள் எல்லாம் ஏறுவதற்குள், மளிகைக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் ரக் டாக்டர் போன்ற பெரிய மெஷினை ஒரு நாளைக்கு எடு. பின்னோக்கி இழுத்துப் பயன்படுத்துவது அது. கனமானாலும் உறிஞ்சல் பலம். நாய் இருந்த அறைகளில் முதலில் என்ஸைம் திரவம் தெளித்து ஊறவிட்டுப் பிறகு கழுவு. முந்தையவர்களின் அழுக்கு அதோடு போகட்டும். அதன் பிறகு வீட்டுக்கென்று வாங்குவது மூன்றாவது மெஷினாக இருக்கட்டும்: மாலதி தூக்கக்கூடிய எடை, படிக்கட்டுக்குக் கைக்குழாய், வெறும் தண்ணீரில் அலச ஒரு விசை. வாங்குமுன் கடையில் நிற்பதை மாலதியே ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கட்டும். அவளுக்குச் சுமையாகத் தெரிந்தால் என் பேச்சை விட்டுவிட்டு இதைவிட இலேசானதை எடு. அலமாரியில் உறங்கும் நல்ல மெஷினைவிட, கறை விழுந்த அன்றே வெளியே வரும் மெஷின் உங்களுக்கு உதவும்.

வீடு வாங்கியபோது வந்த காகிதங்களில் கார்ப்பெட் நைலானா பாலியஸ்டரா என்று இருக்கும். தேடிப் பார்த்து எனக்கு எழுது. எந்தத் திரவம் வாங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா