பின்சக்கரத்தைக் கழற்றுமுன்

வீட்டு முற்றத்திலேயே காரின் சக்கரத்தைக் கழற்றிப் பழுதுபார்க்கும் அன்பர்கள் நம்மிடையே குறைவல்லர். அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நம் இல்லத்திலும் பழைய அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. 2014-ஆம் ஆண்டில் உத்தரபாரா தொழிற்சாலையில் அதன் உற்பத்தி நின்றபின், அவ்வண்டியின் நாடி அறிந்த மெக்கானிக்குகள் அருகி வருகின்றனர். ஆதலின் அதன் பின்சக்கரங்களை ஆண்டுக்கொருமுறை நாமே திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று.

திறக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சக்கரம் கழன்றபின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது? கைப்பிரேக் இருக்கிறதே என்பர் பலர். அம்பாசிடராயினும் மாருதி 800 ஆயினும் கைப்பிரேக் பற்றுவது பின்சக்கரங்களை மட்டுமே. டிரம்மை உருவ வேண்டுமாயின் அதனைத் தளர்த்தியாக வேண்டும். கியரில் போட்டுவிடலாமே எனின், மாருதியில் அது ஓரளவு உதவும். அதன் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. அம்பாசிடரிலோ விசை பின்அச்சுக்குச் செல்கிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்றால் டிஃபரன்ஷியல் அதனைத் தாராளமாகச் சுழலவிடும். தரையிலுள்ள மற்றது உருளத் தடையில்லை. இரண்டையும் தூக்கினாலோ, தரையில் எஞ்சுபவை கட்டுப்பாடற்ற முன்சக்கரங்கள். கியரும் கைப்பிரேக்கும் ஒருங்கே கைவிட்ட இந்த நிலையை அறியாமல்தான் பலர் வண்டியின் அடியில் கையை நீட்டுகின்றனர்.

ஆகவே சமதளமான கெட்டித் தரை வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கனத்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்வது நன்று. தூக்கியபின் ஸ்பானரில் ஏறி மிதித்தால் வண்டி ஜாக்கியினின்று நழுவக்கூடும். ஜாக்கி தூக்குவதற்குரியதே அன்றித் தாங்குவதற்குரியதன்று. பின்அச்சின் கீழ் இரும்புத் தாங்கி அவசியம். செங்கல் அடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. சுமையேறிய செங்கல் எவ்வித அறிவிப்புமின்றிப் பிளக்கும். "நாலு கல் வைத்தால் போதும், சாமி" என்ற இளைஞர் ஒருவரை, நாம் அவ்விடம் விட்டு நகராது நின்று, பட்டறையிலிருந்து தாங்கி வாங்கிவரச் செய்தோம். அன்று அவருக்கு நம்மீது வருத்தந்தான்.

டிரம் கழன்றதும் உள்ளே கருந்தூள் காணப்படும். அதனை வாயால் ஊதுவது எங்கும் காணும் வழக்கம்; மிகத் தீயது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூள் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் விளைவிக்க வல்லது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. குழந்தைகள் அருகில் நிற்கலாகாது. காருக்குள் ஏறி விளையாடுவதும் ஆகாது. டிரம் இல்லாத வேளையில் ஒரு சிறு கால் பிரேக்கை அழுத்தினாலும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டுத் திரவம் கொட்டிவிடும்.

பார்க்க வேண்டியவை சிலவே. லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்துவிட்டதா? வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கினால் உள்ளே ஈரம் தென்படுகிறதா? அச்சின் ஆயில் சீல் பழுதாகி எண்ணெய் லைனிங்கில் ஊறியிருந்தால், அதைத் துடைத்து மீண்டும் மாட்டும் சிக்கனம் வேண்டாம். சீலை மாற்றி, இருபுறமும் புது ஷூக்களே பொருத்த வேண்டும். ரப்பர் உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவினால் அவை உப்பிக் கெடும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்பதைப் பிரிக்குமுன் வரைந்துகொள்வது நம் பழக்கம். இக்காலப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கின்றனர். நம் கோணல் கோடுகளைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சக்கரம் தரையைத் தொட்டபின் முழுமையாக முறுக்க வேண்டும். முட்டுக்கட்டைகளை எடுக்குமுன்பே பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதி கெட்டியாக நிற்காது தாழ்ந்துபோனால் அன்று வண்டி வாயிலைத் தாண்டலாகாது. கெட்டியாக நின்றால், முற்றத்திலேயே மெல்ல நகர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு வெளியே எடுக்கலாம். 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.