கேள்வியும் ஒற்றும்

காவலரும் தீயணைப்போரும் வானொலியில் பேசுவதைக் கேட்க உதவும் 'ஸ்கேனர்' அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் நெடுநாளாய் உண்டு. 1938ஆம் ஆண்டிலேயே நியூயார்க் ஒளிப்படக் கலைஞர் வீஜீ, காவல்துறை வானொலியைத் தம் காரில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்தார்.

1989இல் தொடங்கப்பெற்ற 'புராஜெக்ட் 25' என்னும் டிஜிட்டல் நெறி நகரங்களிற் பரவவே, பழைய கருவிகள் பயனற்றன. புதிய கருவியில் முதற்கண் கட்டுப்பாட்டு அலைவரிசையைப் பதித்தல் வேண்டும். எக்குழு எவ்வலைவரிசையிற் பேசுகிறது என்பதை அதுவே அறிவிக்கும். பின்னர்க் குழு எண்களைப் பதித்தால் கருவி அப்பேச்சைப் பின்தொடரும். ஆயின், மறையாக்கம் செய்த பேச்சை எந்த ஸ்கேனரும் திறவாது. நியூயார்க் காவல்துறை 2023 முதல் தன் அலைவரிசைகளை அவ்வாறே பூட்டத் தொடங்கியது.

இதனை அறிந்தபோது எம் நெஞ்சம் இருபாற்பட்டது. வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒற்றாடலில் அரசன் பிறரை அறிகிறான். ஸ்கேனரிலோ குடிகள் அரசை அறிகின்றனர். அண்டைத் தெருவில் தீப்பற்றியதைக் கேட்டு உதவ ஓடுவோரும் உளர். நோயுற்றோர் முகவரியைப் பொழுதுபோக்காய்க் கேட்போரும் உளர்.

இடர்ப்பட்டோர் பெயரும் முகவரியும் மறைந்தே இருக்கட்டும். அதிகாரத்தின் குரல் மட்டும் மக்கள் செவிக்கு எட்டட்டும் என்பதே எம் துணிபு.